ஊர்வனவற்றின் பாலினமும் வெப்பமும்: விளக்கும்போது நேரும் பிழைகள்

ஊர்வன பலவற்றில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் கூட்டின் வெப்பமே முடிவு செய்கிறது. இதை ‘சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் இதைப் பற்றி எழுதுவோர் முதலில் செய்யும் தவறு. கடலாமைகளுக்கு அந்த வரி பொருந்தும்: மணலுக்குள் சுமார் 29 டிகிரி செல்சியஸை ஒட்டி ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதியாக உருவாகின்றன, அதற்கு மேல் போகப் போகப் பெண்குஞ்சுகள் மிகுகின்றன. நியூசிலாந்தில் வாழும், ஓணான் போன்ற தோற்றமுள்ள டுவாட்டாரா என்னும் ஊர்வனத்திலோ இது தலைகீழ்; அதற்குச் சூடான கூடுதான் ஆண்களைத் தருகிறது. அமெரிக்க அலிகேட்டர் முதலையில் 30 டிகிரியிலும் அதற்குக் கீழும் பெண், 33ஐ ஒட்டிப் பெரும்பாலும் ஆண், 35ஐ நெருங்கினால் மறுபடியும் பெண். எனவே எந்த இனம் என்று சொல்லாமல் வெப்பத்தை மட்டும் சொல்வதில் பொருளில்லை.

முட்டையிட்ட நாள் முதல் பொரியும் நாள் வரையிலான சராசரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு பாலினத்தைக் கணிப்பது, இதைவிட நுட்பமான பிழை. அடைகாலத்தை மூன்றாகப் பகுத்தால், பெரும்பாலும் நடுப்பகுதியின் வெப்பமே கருவின் இனப்பெருக்கச் சுரப்பி அண்டகமாகுமா விந்தகமாகுமா என்பதை முடிவு செய்கிறது. ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமட்டேஸ் நொதி அப்போது எவ்வளவு சுரக்கிறது என்பதற்கு இதில் பெரும்பங்கு உண்டு. நூறு முட்டைகள் நெருங்கிக் கிடக்கும் கடலாமைக் கூட்டில், வளரும் கருக்களின் உடற்சூடே நடுவிலுள்ள முட்டைகளைச் சுற்றுமணலைவிடச் சூடாக்கிவிடும். ஆனால் அந்தச் சூடு உச்சம் தொடுவது கடைசிப் பகுதியில், பாலினம் முடிவான பிறகு. அதையும் சராசரியில் சேர்த்தால் பெண்களின் கணக்கு மிகையாகிவிடும்.

எல்லா ஊர்வனவற்றுக்கும் இது பொது என்று எழுதுவதும் சரியன்று. 1966இல் மடலீன் ஷார்னியே என்ற ஆய்வாளர் அகாமா ஓணானில் இதை முதன்முதலில் பதிவு செய்தார். முதலைகள் அனைத்திலும், ஆமைகள் பலவற்றிலும் பின்னர் இது உறுதியானது. பாம்புகளில் குரோமோசோமே பாலினத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டும் கலந்த இனமும் உண்டு: ஆஸ்திரேலியத் தாடி ஓணானில், ஆணுக்குரிய குரோமோசோம் கொண்ட கருக்கூட 32 டிகிரிக்கு மேல் பெண்ணாக மாறக்கூடும். கருவில் நிகழும் இந்த மாற்றத்தை வளர்ந்த ஓணானுக்கும் ஏற்றிச் சொல்வோர் உண்டு. வளர்ந்த விலங்கைச் சூட்டில் வைத்தால் பாலினம் மாறாது.

கடைசியாக, கையிலுள்ள கடலாமைக்குஞ்சைப் பார்த்தே ஆண் பெண் என்று சொல்லிவிடுவது. வெளித்தோற்றத்தில் வேறுபாடே இராது. ஆணின் நீண்ட வால் முதிர்ச்சியை நெருங்கும்போதுதான் தெரியவரும்.