கோச்சுக்குப் பின்னால் பாடசாலை மாறுவதும் வேறு சில தவறுகளும்

போன சனிக்கிழமை வெள்ளவத்தைத் தேத்தண்ணிக் கடையொன்றில் பாடசாலைக் கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி தரும் இளம் கோச் ஒருவரைக் கண்டேன். அடுத்த பருவம் வேறு கல்லூரிக்குப் போகிறாராம். “மூண்டு பொடியளையும் கூட்டிக்கொண்டு போறன் அண்ணை” என்றார், கிட் பேக்கைத் தூக்கிப்போவது மாதிரி. எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. 26 வயதில் நானும் இப்படிச் சொன்னவன்தான்.

புதுக் கோச்மார் விடும் தவறுகள் சிலதான் இங்கே. பிந்தி வருவது, ஹெல்மெட் இல்லாமல் நெட்ஸில் நிற்பது பற்றியெல்லாம் எழுதவில்லை. அதை வீட்டில் அம்மாவே சொல்லுவார்.

கோச்சை நம்பிப் பாடசாலை மாறுவது

அப்போது கொழும்பில் ஒரு கல்லூரியின் 17 வயதுக்குட்பட்டோர் அணி என்னிடம் இருந்தது. அதில் லெக் ஸ்பின் போடும் பொடியன் ஒருவன். பெரிய கல்லூரி ஒன்று என்னைக் கூப்பிட, அவனையும் வரச்சொன்னேன். தகப்பன் ஒரே கேள்விதான் கேட்டார்: “நீங்கள் அங்க இருப்பீங்கள்தானே சேர்?” ஓம் என்றேன். என் ஒப்பந்தம் ஒரு பருவத்துக்குத்தான் என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மார்ச்சில் பிக் மெட்ச், அதாவது போட்டிக் கல்லூரியோடு வருடாவருடம் ஆடும் பெரிய ஆட்டம், தோற்றோம். சித்திரை வருசத்துக்கு முதலே என்னைக் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பதிலாக வந்தவர் தன்னுடைய ஸ்பின்னரைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் பொடியன் அடுத்த பருவம் முழுக்கத் தண்ணீர்ப் போத்தல் சுமந்தான். பழைய இடத்துக்கும் திரும்ப முடியவில்லை. விடுகைப் பத்திரம் எடுத்தாயிற்று, இடம் நிரம்பிவிட்டது. உயர்தரத்தில் அவன் விரும்பிய கணிதப் பிரிவு புதிய கல்லூரியில் தமிழ் மொழிமூலம் இருக்கவில்லை. வர்த்தகம் எடுத்தான். விளையாட்டுக்குக் கல்லூரி கொடுக்கும் கலர்ஸ் விருதும் கிடைக்கவில்லை.

இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, முதலில் என்மேல்தான்.

பாடசாலைக் கிரிக்கெட்டில் கோச் பெரும்பாலும் வெளியாள். பல இடங்களில் பழைய மாணவர்கள் தரும் காசில் வருவார், தோற்றால் போவார். அங்கேயே இருப்பவர் பொறுப்பாசிரியர். அவரையும் அதிபரையும் காணாமல் விடுகைப் பத்திரத்தில் கைவைக்காதீர்கள். பாடப்பிரிவு இருக்கிறதா, அதே வேலைக்கு எத்தனை பந்துவீச்சாளர்கள் அடுத்த வருடமும் இருப்பார்கள் என்று கேளுங்கள். மாறியவன் எப்போதிருந்து ஆடலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடையில் இதெல்லாம் சொன்னேன். “என்ர ஒப்பந்தம் ரெண்டு வருசம் அண்ணை” என்றார். கையெழுத்தாயிற்றா என்று கேட்டேன். தேத்தண்ணிக்குக் காசு கொடுக்க எழும்பிவிட்டார்.

வந்த கிழமையே பந்துவீச்சை மாற்றுவது

கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகம் போட்ட முரளிதரனை ஓஃப் ஸ்பின்னுக்குத் திருப்பியவர் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. புதுக் கோச்மார் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். முரளிக்கு அப்போது 14 வயது என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள். பிக் மெட்சுக்கு ஆறு கிழமை இருக்கையில் 18 வயதுப் பொடியனின் கையைப் பிடித்துத் திருப்பாதீர்கள்.

மெட்டிங்கில் எடுத்த விக்கெட்டுகளை நம்பி வெளியூர்ப் பொடியனைக் கொழும்புக்கு இழுப்பது

மூலைக்கு மூலை ஆணி அடித்த கயிற்றுப் பாய் விரிப்புத்தான் மெட்டிங்; அதில் லெக் ஸ்பின்னரின் லெக் பிரேக் பந்து விலாவுக்கு எழும்பும். அதே பந்து டர்ஃப் எனும் புல் ஆடுகளத்தில் முழங்காலைத் தாண்டாது. துடுப்பாட்டக்காரன் பின்னங்காலில் நின்று சாத்துவான். பந்தைக் குத்தவேண்டிய நீளத்தைக் கண்டுபிடிக்க ஒரு பருவமாவது வேண்டும். முதல் மூன்று மெட்சோடு உட்காரவைத்தால் பிள்ளை உடைந்துபோவான். “கொழும்புக்கு வந்தால்தான் ஆள் முன்னுக்கு வரும்” என்று தகப்பன்மாருக்குச் சொல்வதையும் விடுங்கள். லெக் ஸ்பின்னர் வியாஸ்காந்த் யாழ். மத்திய கல்லூரியில் ஆடி வளர்ந்தவர். 2020 இல் இலங்கையின் எல்.பி.எல். தொடரில் ஆடினார், 2024 இல் இந்தியாவின் ஐ.பி.எல். தொடரில்.

வட்ஸ்அப்பில் பெற்றோருக்கு அணியில் இடம் உறுதி சொல்வது

வேண்டாம்.

போகும்போது ஸ்கோர் புத்தகத்தைத் தூக்கிப்போவது

அது கல்லூரியின் சொத்து. நான் தூக்கிவந்த ஒன்று இன்னும் அலுமாரியில் கிடக்கிறது. அந்தப் பொடியன் பழைய கல்லூரிக்காக எடுத்த 6 விக்கெட்டும் அதில்தான் எழுதியிருக்கிறது.