ஷிமோநாடாவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் ஜப்பானின் மாட்சுயாமா ரயில் நிலையத்தில் இரண்டு இளைஞர்கள், கடலோரச் சிறு நிலையமான ஷிமோநாடாவுக்குப் போவதாகப் பேசிக்கொண்டே அதிவிரைவு ரயிலை நோக்கி ஓடினார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே அவசரத்தோடு ஓடியவன் என்பதால், கூப்பிட்டு நிறுத்தினேன். குடை, குடிநீர் போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேகமான ரயிலில் ஏறுவது

எஹிமே மாகாணத்தில் கடலைப் பார்த்தபடி 1935இல் திறக்கப்பட்ட ஷிமோநாடா, இன்று ஜப்பானியர் முஜின்-எக்கி என்று சொல்லும் ஆளில்லா நிலையம். அது யோசான் என்னும் ரயில் பாதையில் இருக்கிறது. உவாகாய் என்னும் அதிவிரைவு ரயிலும் யோசான் பாதையில்தான் போகிறது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. 1986இல் முகாய்பாராவிலிருந்து உச்சிகோவுக்கு மலையைக் குடைந்து புதுத் தடம் போட்டபின், ஒரே பெயரில் இரண்டு வழிகள் ஆகிவிட்டன. பழையது கடலோரமாக வளைந்து செல்கிறது. அதிவிரைவு ரயில்களோ மலைவழியே போய்விடுகின்றன.

சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கவே கிளம்பிய நான், விரைவுக் கட்டணத்தைத் தனியாகக் கொடுத்து, கடல் வலப்பக்கம் வரும் என்று கணக்குப் போட்டு அந்தப் பக்கத்துச் சன்னலோர இருக்கையையும் பிடித்தேன். இயோ-ஷி நிலையம் தாண்டிச் சிறிது நேரத்தில் கண்ணாடியில் கடலுக்குப் பதிலாக என் முகம்தான் தெரிந்தது. 6 கிலோமீட்டர் நீளமுள்ள இனுயோசே சுரங்கத்துக்குள் ரயில் புகுந்திருந்தது. உச்சிகோவில் இறங்கி, எதிர்த்திசை வண்டிக்குக் காத்திருந்து, முகாய்பாராவில் மாறி ஷிமோநாடாவில் கால் வைத்தபோது நடைமேடை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடல் இருந்த இடத்தில் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. போன பணத்தை மறந்துவிட்டேன். அதிகக் காசு கொடுத்து அஸ்தமனத்தைத் தவறவிட்ட என் புத்தியை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

கடலோர வழியிலுள்ள இயோ-நாகஹாமா வழியாகப் போகும் சாதாரண வண்டிதானா என்று பலகையில் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

பெரிய நோட்டோடு போவது

ஓட்டுநர் ஒருவரே நடத்தும் வண்டி அது. ஷிமோநாடாவில் பின்கதவில் ஏறும்போது எண் அச்சிட்ட செய்ரிக்கென் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னாலுள்ள திரையில் அந்த எண்ணுக்கு நேராகத் தெரியும் தொகைதான் கட்டணம். ஆளில்லாத நிலையத்தில் இறங்கினால் ஓட்டுநர் அருகிலுள்ள பெட்டியில் அதைப் போட வேண்டும். பெட்டி 1,000 யென் நோட்டுக்குச் சில்லறை தரும். 10,000 யென் நோட்டை நீட்டினால் வண்டி முழுவதும் உங்களுக்காகக் காத்திருக்கும்.

போக்குவரத்து அட்டை

தேய்க்க அங்கே கருவி இல்லை.

படம் எடுப்பதில் மூழ்குவது

அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம்.

வந்த வண்டியில் ஏறுவது

தண்டவாளம் ஒன்று, நடைமேடையும் ஒன்று. இரு திசை வண்டிகளும் அங்கேயே வந்து நிற்கும். கடலைப் பார்த்து நின்றால் மாட்சுயாமா வலக்கைப் பக்கம்.