எச்.ஐ.வி. நோயாளியின் ரகசியம்: புதுசா டூட்டிக்கு வரும் சிஸ்டர்களுக்கு

வார்டில் விஷயம் வாய் வழியாகக் கசிவது குறைவு. கேஸ் ஷீட் மேல் சிவப்பு மையில் ஒரு கிறுக்கல், கட்டிலில் ஒரு துண்டுச்சீட்டு, அவருக்கு மட்டும் ரெண்டு ஜோடி கையுறை. பக்கத்துக் கட்டில் ஆயா சாயங்காலத்துக்குள் புரிந்துகொள்வார்.

அதனால் ரத்தம் தொடும் வேலை என்றால் எல்லாக் கட்டிலுக்கும் கையுறை போடுங்கள். வெளியே எந்த அடையாளமும் வேண்டாம். ரிசல்ட் கேஸ் ஷீட்டுக்குள், கேஸ் ஷீட் நம் மேஜையில். கட்டில் கட்டிலாக நின்று டூட்டி ஒப்படைக்கும்போது இதை மட்டும் மேஜைக்கு வந்து சொல்லுங்கள். துப்புரவுப் பணியாளரிடம் "அந்தக் கட்டில்ல பார்த்து" என்று கிசுகிசுப்பது கூடவே கூடாது. எல்லாக் கட்டிலிலும் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஆபரேஷனுக்கு முன் ரத்தம் எடுக்கச் சொன்னால், எச்.ஐ.வி. சோதனைக்கு நோயாளி சம்மதித்தாரா என்று கேட்டுவிட்டு ஊசியை எடுங்கள்.

கஷ்டமான இடம் மனைவி வந்து நிற்கும்போதுதான். "அவருக்கு என்ன சிஸ்டர், மறைக்காம சொல்லுங்க." பாவமாக இருக்கும். ஆனால் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி துணையிடம் சொல்லும் அதிகாரம் டாக்டருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே, அதுவும் நிபந்தனைகளோடு. நமக்கு இல்லை. நம்பிக்கை மையம் என்றால் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் நடக்கும் இடம்; "நம்பிக்கை மையத்துக்குப் போங்க" என்று அந்த அம்மாவிடம் சொன்னாலே குட்டு உடைந்துவிடும். "டாக்டர்கிட்ட நீங்களும் அவரும் சேர்ந்தே பேசுங்கம்மா" என்றால் போதும். சொல்லிவிட்டு சும்மா இருந்துவிடாதீர்கள். அந்த அம்மாவுக்கும் தொற்று வந்திருக்கலாம், வரலாம். மனைவி கேட்டதை அன்றைக்கே டாக்டரிடமும் ஆலோசகரிடமும் சொல்லுங்கள். தனியாக இருக்கும்போது நோயாளியிடமும் பேசுங்கள். நாமே சொல்லிவிடுவோம் என்று மிரட்டாமல், வீட்டில் சொல்ல ஆலோசகர் கூடவே இருப்பார் என்று சொன்னால் பலர் இறங்கி வருவார்கள்.

உங்களுக்கே ஊசி குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். உடனே டூட்டி டாக்டரைப் பாருங்கள். தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் தள்ளக்கூடாது. யாருக்குப் போட்ட ஊசி என்பது டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். சாப்பாட்டு ரூமில் "எந்தக் கட்டில்டி?" என்று கேட்கும் தோழிக்குத் தெரிய வேண்டியதில்லை.