டர்பனில் இறங்கும்போது மட்டும் காது ஏன் அடைக்கிறது? விமானத்துக்குள் காற்றழுத்தம் வேலை செய்யும் விதம்

டர்பனிலிருந்து ஜொஹானஸ்பர்க் போகும்போது காது பெரிதாகத் தொந்தரவு தருவதில்லை. திரும்பி வரும்போதுதான் கைக்குழந்தைகள் வீறிடும், சளி பிடித்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். விமானியைத் திட்டிப் பயனில்லை. டர்பனின் கிங் ஷாகா விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 90 மீட்டர் உயரம்தான், ஜொஹானஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ 1,694 மீட்டர், அதாவது 5,558 அடி. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

36,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 227 ஹெக்டோபாஸ்கல். தரையில் இருப்பதில் கால் பங்குகூடத் தேறாது. அதனால் என்ஜினின் கம்ப்ரஸரிலிருந்து சூடும் அழுத்தமுமான காற்றைப் பிரித்தெடுத்து, 'பேக்' எனப்படும் குளிரூட்டும் பெட்டி வழியாக உள்ளே விடுகிறார்கள். (போயிங் 787 இதில் விதிவிலக்கு: மின்சாரத்தில் ஓடும் தனிக் கம்ப்ரஸர்கள்.) உள்ளே வரும் காற்றின் அளவு ஏறக்குறைய சீராகவே இருக்கும். அழுத்தத்தை முடிவு செய்வது காற்று வெளியேறும் வழி, அதாவது வால்பக்கம் அடிப்பாகத்தில் உள்ள அவுட்ஃப்ளோ வால்வு. கொஞ்சம் மூடினால் உள்ளே அழுத்தம் ஏறும், திறந்தால் இறங்கும். இறங்கப்போகும் ஊரின் உயரத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, கணினி அந்த வால்வை நகர்த்திக்கொண்டே இருக்கும். பழைய 737களில் அந்த உயரத்தை விமானிதான் திருகி வைக்க வேண்டும். வால்வு இறுகிக்கொண்டால் விமானத்தின் உடல் வெடிக்காமல் காக்கத் தனி நிவாரண வால்வுகளும் உண்டு.

உள்ளே கடல் மட்ட அழுத்தத்தையே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம், ஆனால் விமானத்தின் உடல் கனக்கும். கேபினை, அதாவது பயணிகள் அறையை, 7,000 அடி உயரத்தில் உள்ள காற்றழுத்தத்துக்குச் சமமாக வைத்தாலே (இதைத்தான் 'கேபின் உயரம் 7,000 அடி' என்பார்கள்) சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஐந்தரை டன்னுக்கு மேல் சுமை விழுகிறது. பறக்கும்போது கதவை யாரும் உள்ளிழுத்துத் திறக்க முடியாததும் இதனால்தான். ஒவ்வொரு பயணத்திலும் இந்தச் சுமை ஏறி இறங்க, உலோகம் களைக்கும். 1952 மே 2 அன்று உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை லண்டனிலிருந்து கிளம்பியது ஜொஹானஸ்பர்க்குக்குத்தான், விமானம் காமெட். 1954இல் இரண்டு காமெட்கள் நடுவானில் சிதறின. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். பறந்த கணக்கும் சேர்த்து 3,057ஆவது சுற்றில், திறப்பின் மூலையில் தொடங்கிய விரிசல் அதைப் பிளந்தது. இன்றைய ஜன்னல்களின் மூலைகள் நன்றாக வளைந்திருப்பதில் அந்தப் பாடம் இருக்கிறது.

இப்போது காதுக்கு வருவோம். செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் அழுத்தமும் வெளியே இருக்கும் அழுத்தமும் சமமாகாவிட்டால் காது அடைக்கும். கேபின் 7,000 அடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அதன் உயரத்தை நிமிடத்துக்கு 300 அடி போலக் குறைப்பார்கள். ஜொஹானஸ்பர்க் என்றால் ஐந்தே நிமிடம், காது ஈடுகட்ட வேண்டியது 44 ஹெக்டோபாஸ்கல். டர்பன் என்றால் இருபது நிமிடத்துக்கு மேல், 220 ஹெக்டோபாஸ்கல். ஐந்து மடங்கு!

ஆகவே டர்பன் பக்கம் வரும்போது, விமானம் இறங்கத் தொடங்கியதுமே வேலையை ஆரம்பியுங்கள். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். முழுக்க அடைத்த பிறகு பலம் கொண்டு ஊதுவது ஆபத்து, செவிப்பறையே கிழியலாம். அப்போது மூக்கைப் பிடித்தபடி எச்சில் விழுங்கிப் பாருங்கள். தூங்காதீர்கள், தூக்கத்தில் விழுங்குவது குறையும். கைக்குழந்தைக்குப் பாலைச் சக்கரம் இறங்கும் நேரத்துக்கு வைக்காமல், இறக்கத்தின் தொடக்கத்திலேயே கொடுங்கள். சளி இருந்தால் மூக்கு ஸ்ப்ரே, இறக்கத்துக்கு அரை மணி முன்பு. பயணமே ஒரு மணி நேரம்தான் என்பதால், இருக்கையில் உட்கார்ந்ததும் அடித்துவிடலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு அடிக்கட்டும்.

டர்பனில் மூடிய மாங்காய் ஊறுகாய் பாட்டில் மேலே போனதும் எண்ணெய் கக்குவதும் இதே கணக்கு. சரக்கு அறைக்கும் இதே அழுத்தம்தான், பெட்டியில் போட்டாலும் தப்பாது. உள்ளே காற்று குறைவாக இருக்கும்படி நிரப்பி, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டுங்கள்.

கேபின் உயரம் 14,000 அடியைத் தொட்டால் முகமூடிகள் தாமாக விழும். கீழே இழுத்தால்தான் ஆக்சிஜன் வரத் தொடங்கும். முகமூடியில் தொங்கும் பை உப்பாவிட்டாலும் காற்று வரும். கருகிய வாசனை இயல்பு; மேலே ரசாயனக் குப்பி சூடாகிறது. முதலில் உங்களுக்கு, பிறகு குழந்தைக்கு. 35,000 அடியில் சுயநினைவோடு செயல்பட அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்தான் கிடைக்கும். ஆக்சிஜன் குறைந்தது 12 நிமிடம் வரும், அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறங்கப் பார்ப்பார். லெசோத்தோ, டிராகன்ஸ்பெர்க் மேலே அது நடக்காது, சிகரங்களே 11,000 அடியைத் தாண்டுகின்றன. மலையைக் கடக்கும்வரை சற்று உயரத்திலேயே ஓட்ட வேண்டியிருக்கும். அதுவரை முகமூடியைக் கழற்றாதீர்கள். 2005 ஆகஸ்ட் 14 அன்று கிரீஸில் ஹீலியோஸ் 522 விழுந்து 121 பேர் இறந்ததற்கு மூலகாரணம், அழுத்தக் கட்டுப்பாட்டுத் திருகு 'மேனுவல்' நிலையில் விடப்பட்டதும், எச்சரிக்கை ஒலியை விமானிகள் வேறொன்று என்று எடுத்துக்கொண்டதும்தான்.

கண் அறுவையில் வாயுக் குமிழி வைத்தவர்கள் அது கரையும்வரை பறக்கக் கூடாது. குமிழி விரிந்து பார்வையைப் பறிக்கும். அலிவால் ஷோல், சொட்வானா போன்ற கடல் பகுதிகளில் பல முறை முக்குளித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறுங்கள். கார்தானே என்று அன்றைக்கே ஜொஹானஸ்பர்க்குக்குக் கிளம்பிவிடாதீர்கள்: வான் ரீனன் கணவாயிலேயே சாலை 1,600 மீட்டரைத் தாண்டுகிறது, அங்கே உங்களைச் சுற்றி அழுத்தக் கேபினும் இல்லை.