தீபாவளி டொபியில் கணக்கு: எங்கே பிழை விடுகிறோம்?

தீபாவளி வாரத்தில் மலையகத்தில் லயத்து வீடுகளில்கூட டொபிக்குக் குறைவிருக்காது. நாலைந்து வயதுப் பிள்ளைக்கு வகைபிரிக்கவும் வரைபு போடவும் பழக்க இது நல்ல சாமான். ஆனால் உட்கார்ந்ததுமே, "சிவப்பு இங்கே, பச்சை அங்கே" என்று நாமே சொல்லிவிடுகிறோம். அப்புறம் பிள்ளைக்கு மிஞ்சுவது எடுபிடி வேலைதான். டொபியைக் கொட்டிவிட்டு, "எதெல்லாம் ஒரே மாதிரி? சேர்த்து வை பார்ப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு பிள்ளை நிறம் பார்க்கும், இன்னொன்று தாளின் முறுக்கைப் பார்க்கும். "எனக்குப் பிடிச்சது, பிடிக்காதது" என்று பிரித்தாலும் அது சரியான வகைபிரிப்புதான். நிறத்தையும் அளவையும் ஒரே தடவையில் கேட்டால்தான் குழம்பும்.

பிரித்த ஒவ்வொரு வகையையும் ஒவ்வொரு வரிசையாக வைத்தால் அதுவே வரைபு. பெரிய பிழை இந்த வரிசை வைப்பதில் நடக்கிறது. குட்டி டொபி ஆறு, நீள டொபி நாலு என்று வைத்துக்கொள்வோம். நெருக்கி அடுக்கினால் நாலின் வரிசை நீண்டு தெரியும். பிள்ளை அதைத்தான் கூட என்று சொல்லும். அதற்காக மண்டையில் குட்டாதீர்கள். ஆறேழு வயதுவரை பல பிள்ளைகள் எண்ணிக்கையைவிட வரிசையின் நீளத்தையே நம்புவதைச் சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே காட்டியிருக்கிறார். சமமான இரண்டு வரிசையில் ஒன்றைக் கொஞ்சம் பரப்பி வைத்தாலே, அது கூடிவிட்டது என்பார்கள். அதனால் ஒரு கட்டத்துக்கு ஒரு டொபி, எல்லா வரிசையும் ஒரே கோட்டில் தொடக்கம். முப்பது முட்டைத் தட்டு ஒன்று இருந்தால் போதும், ஆறு குழி கொண்ட ஐந்து வரிசை தயார். தாள் கழற்றாத டொபியை மட்டும் அதில் வையுங்கள். ஒரு வகை ஆறைத் தாண்டினால் சீமெந்துத் தரையில் சோக்கால் கட்டம் கீறலாம்.

"எத்தனை?" என்று மட்டும் கேட்டு நிறுத்தினால் வரைபு எதற்கு? எது கூட, எது குறைவு என்று கேளுங்கள். "எத்தனை கூட?" என்பது கஷ்டமான கேள்வி. இரண்டு வரிசையிலும் ஒவ்வொன்றாகச் சோடி சேர்த்து, சோடி இல்லாமல் மிஞ்சுவதை எண்ணவிட்டால் விடை தானாக வரும்.

முடியும்வரை வாயில் வைக்கக்கூடாது என்ற சட்டமும் வேண்டாம். பாவம், கவனமெல்லாம் டொபியிலேயே நிற்கும். ஒன்றைக் கொடுத்துவிட்டே தொடங்குங்கள். நாலு வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருந்தால் மட்டும் கடினமான உருண்டை டொபி வேண்டாம், தொண்டையில் அடைத்துவிடும்.

உடனே கொப்பியில் சலாகை வரைபு, அதாவது எண்ணிக்கைக்கு ஏற்ற நீளத்தில் பட்டைகள், கீறச் சொல்வதும் அவசரம். டொபி தின்று முடிய, தாள்களை அதே வரிசையில் ஒட்டட்டும், அது படவரைபு. ஒட்டுமுன் தாளைக் கழுவிக் காய வையுங்கள், இல்லாவிட்டால் கொப்பியில் எறும்பு வரிசை கட்டும்.