செவிப்பறை அறுவை சிகிச்சை: முன்னும் பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காதில் சீழ் வடிந்தால் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றும் வழக்கம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இன்னும் மறையவில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால், அந்த எண்ணெய் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உள்ள நடுக்காதுக்குள் இறங்கிப் புண்ணை வளர்க்கும். சீழ் நின்றதும் நோய் தீர்ந்ததாக எண்ணிச் சிகிச்சையைக் கைவிடுவதும் தவறு; ஓட்டை அப்படியே இருக்கக்கூடும். சிறிதளவே வடிந்தாலும் துர்நாற்றம் வீசினால், நடுக்காதில் தோல் வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் உடனே காட்ட வேண்டும்.

அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து, ஓட்டையை மூடும்படி பதித்து, கரையக்கூடிய பஞ்சால் தாங்க வைக்கிறார்கள். அந்தச் சவ்வில் இரத்த ஓட்டம் பிடித்து அது ஒன்றிப்போகச் சில வாரங்கள் ஆகும். கட்டுப் பிரித்ததும் காது கேட்கவில்லையே என்று பதறிக் குச்சியால் குடைபவர்கள், தங்கள் கையாலேயே அதைப் பெயர்த்துவிடுகிறார்கள்.

மூக்கை அழுத்திச் சிந்தினால் மூக்கின் பின்புறத்தை நடுக்காதோடு இணைக்கும் உட்குழல் வழியே காற்று ஏறி, புதிய சவ்வை உள்ளிருந்து தள்ளும். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஐஸ் பெட்டி, வலை, தண்ணீர்க் குடம் ஆகியவற்றைத் தூக்கக் கூடாது. குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் நீர் ஊற்றிக்கொள்வதைத் தள்ளிப்போடத்தான் வேண்டும். நாக்கின் ஒரு பக்கம் சில நாள் சுவை மாறியிருந்தால் அஞ்ச வேண்டாம். முகம் ஒரு பக்கம் கோணினாலோ கடுமையாகத் தலை சுற்றினாலோ காத்திருக்கக் கூடாது.

எனக்கு மிகுந்த கவலை தருவது, முங்கிப் பாசி எடுக்கும் பெண்களும் சங்கு குளிப்பவர்களும் தம் தொழிலை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதுதான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப் போல இரு மடங்காகிறது. சில மீட்டர் ஆழத்திலேயே காது வலிக்கும். வெளியே தழும்பு ஆறிவிட்டது என்பதை நம்பி முங்குவது, ஒட்டிய சவ்வைக் கிழிக்கக்கூடும். வீட்டில் உலை ஏற வேண்டும் என்ற நெருக்கடியால்தான் பலர் முன்கூட்டியே கடலில் இறங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விசைப்படகுகளில் செல்வோர், மருத்துவர் இசைந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தின் தொடக்கத்திலேயே அறுவை சிகிச்சைக்கு நாள் கேட்கலாம். முங்கித் தொழில் செய்வோருக்கு அந்த இடைவெளி போதும் என்று தாமே முடிவுசெய்துகொள்ளக் கூடாது. சவ்வையும் கேட்கும் திறனையும் சோதித்து மருத்துவர் சொன்ன பிறகே நீருக்குள் இறங்க வேண்டும்.