மூத்தோரின் கையெழுத்தைப் பேணுவது எப்படி: திருகோணமலை வீடுகளுக்கான வழிகாட்டி

குடும்பத்து மூத்தவர்களின் கையெழுத்தைப் பாதுகாக்க எண்ணுகிறவர்கள் முதலில் தேடுவது கடிதங்களைத்தான். கடிதங்கள் பேணப்பட வேண்டியவைதாம். ஆயினும் யாருக்கும் காட்டும் எண்ணமின்றித் தமக்காகவே எழுதிக்கொண்ட தாள்களில்தான் ஒருவருடைய கை மிக இயல்பாக ஓடியிருக்கும் என்பது என் எண்ணம். சி.ஆர். கொப்பியின் நடுவில் கிடக்கும் சரக்குத்தூள் அளவு, தம்பலகாமத்து வயலுக்குக் கூலி கொடுத்த கணக்கு, சீட்டுப் பிடித்தவர்களின் பெயர்கள், வங்கி கொடுத்த டயறியில் குறித்துவைத்த திதிகள், புகைப்படத்தின் பின்புறத்தில் எழுதிய இரண்டு சொற்கள், வேதாகமத்தின் முதற்பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த நாள்களை வரிசையாகப் பதிந்த குறிப்பு ஆகிய அனைத்தையும் தேடலில் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பூட்டி ஒருவர் காணி உறுதியில் வைத்த பெருவிரல் அடையாளமும் இதில் அடங்கும். அவருடைய கை தாளில் பதித்த ஒரே அடையாளம் அதுவாக இருக்கக்கூடும்.

இந்த மாவட்டத்தில் இவ்வேலையைத் தள்ளிப்போட முடியாது. 1990இல் கைக்கு அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் பெருகியபோது கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் வீடுகளோடு அலுமாரிகளும் போயின. 2006இல் சம்பூர் மக்கள் ஊரையே விட்டு வெளியேறினர். இத்தனைக்கும் தப்பி ஒரு கட்டுக் கடிதம் உங்கள் வீட்டில் இருக்குமாயின், அதன் மூலமும் பிரதியும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது. ஆகவே முதலில் படியெடுத்தலையும், அதன் பின்னரே பெட்டி, உறை, துணி முதலியவற்றையும் கவனிக்க வேண்டும்.

எப்போது திறப்பது, எப்படி எடுப்பது

பழைய பெட்டியைத் திறப்பதற்குக் கச்சான் காற்று வீசும் மாதங்கள்தாம் ஏற்றவை. ஆடி, ஆவணியில் வீட்டுக்குள் இருக்கும் காற்று உலர்ந்திருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டிய தாள்களும் ஓரளவு தாமாகவே விடும். வாடை தொடங்கி ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் தாள் ஈரத்தை உறிஞ்சும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நெடுநேரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். காற்று வேகமாக அடிக்கும் பக்கத்து யன்னலைச் சாத்திவிட்டு, சுத்தமான வெள்ளைத் துணி விரித்த மேசையில், கழுவி நன்றாகத் துடைத்த கைகளோடு உட்காருங்கள். விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கத்தை இந்த மேசையில் முற்றாக விட்டுவிட வேண்டும்.

குண்டூசி, கிளிப், ஸ்ரேப்ளர் கம்பி ஆகியவை கடற்காற்றில் விரைவாகத் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். அவற்றைப் பிடித்து இழுக்காமல், தாளைக் கவிழ்த்துவைத்து, கம்பியின் இரண்டு கால்களையும் மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்திய பின் எடுங்கள். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்க நீராவி காட்டுவது ஆபத்தானது. ஊற்றுப் பேனையின் நீல மைகளிற் பெரும்பாலானவை நீரில் கரைந்துவிடுபவை. குமிழ்முனைப் பேனை எழுத்து நீருக்குப் பெரும்பாலும் ஈடுகொடுக்கும், ஆனால் வெயிலில் வெளிறும். பென்சில் எழுத்துத்தான் நாம் நினைப்பதைவிட உறுதியானது. அது வெளிச்சத்தாலும் ஈரத்தாலும் எளிதில் கெடுவதில்லை. உரசல்தான் அதற்குப் பகை.

கடித உறையை எறிந்துவிடாதீர்கள். முத்திரையின் மேல் தபாலகம் குத்திய திகதிச் சீல்தான் பல வேளைகளில் கடிதத்தின் திகதியைச் சொல்லும் ஒரே சான்றாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த நீல நிற வான்கடிதங்களில் இடம் போதாமல் மடிப்புகளிலும் ஓரங்களிலும் எழுதியிருப்பார்கள் என்பதால், அவற்றை முழுவதுமாக விரித்து எல்லா முகங்களையும் பாருங்கள்.

படியெடுத்தல்

ஸ்கானர் இருந்தால் கையெழுத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) நல்லது. 300க்குக் கீழே போக வேண்டாம். கைப்பேசியில் எடுப்பதாயின் யன்னலோர வெளிச்சத்தில், பிளாஷ் இன்றி, கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே சமமாகப் பிடித்து எடுங்கள். வெற்றுப் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும், ஏனெனில் அழுத்தி எழுதிய கையின் தடம் அங்கே தெரியும். உறவினருக்கு வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதன் தரம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போகும். மூன்று பிரதிகள், இரண்டு வகையான சேமிப்பு, அவற்றுள் ஒன்று வேறு ஊரில் என்னும் கணக்கு போதுமானது. கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் ஓர் உறவினரிடம் ஒரு பிரதி இருந்தாலே அந்த மூன்றாவது நிபந்தனை நிறைவேறிவிடும். கோப்புக்குப் பெயரிடும்போது ஆண்டை முதலில் வைத்து, எழுதியவர் யார், எங்கிருந்து எழுதினார் என்பவற்றைத் தொடர்ந்து எழுதினால் வரிசை குலையாது.

லமினேற் செய்யவே வேண்டாம்

பழைய தாளொன்றைக் கண்டவுடன் அதைக் கடைக்குக் கொண்டுபோய் லமினேற் செய்வது நம்மிடையே அன்பின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு அது பொருந்தலாம். தாத்தாவின் கடிதத்துக்கு அது மீளமுடியாத கேடு. பசை பூசிய பிளாஸ்டிக்கைச் சூட்டில் உருக்கித் தாளின் இழைகளோடு ஒட்டவைப்பதுதான் அந்தச் செயல். சூடு சில மைகளைப் பரவச் செய்யும். தாளில் ஏற்கெனவே இருக்கும் அமிலமும் ஈரமும் உள்ளேயே அடைபட்டு நின்று வேலை செய்யும். பின்னொரு நாள் பிளாஸ்டிக் மஞ்சளித்து ஓரம் பிரியும்போது எழுத்தைச் சேதமின்றி வெளியே எடுக்க யாராலும் இயலாது. லமினேற் செய்தே ஆக வேண்டுமென்றால் நல்லதொரு நிறப்பிரதி எடுத்து அந்தப் பிரதியைச் செய்யுங்கள். இதே காரணத்தால் கிழிசலுக்குச் செலோரேப் ஒட்டுவதும் கூடாது, அதன் பசை ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பாகித் தாளில் ஊறிவிடும். கிழிந்த துண்டுகளை இரண்டு வெள்ளைத் தாள்களுக்கிடையே பொருத்திவைத்தாலே போதும்.

உறைகளை வாங்கும்போதும் கவனம் தேவை. கடும் பிளாஸ்டிக் மணம் வீசும் மெதுவான பீவீசீ உறைகள் நாளடைவில் எழுத்தைத் தம்மோடு ஒட்டிக்கொண்டு உரித்துவிடும். பொலிபுறொப்பிலீன் உறைகள் பாதுகாப்பானவை. அவை கிடைக்காவிட்டாலும் குறையில்லை: தாள்களுக்கிடையே நல்ல வெள்ளை ஏ4 தாளை வைத்து, பலமுறை துவைத்துக் கஞ்சி முற்றாக நீங்கிய பருத்தித் துணியிற் சுற்றினால் நம் காலநிலைக்கு அதுவே மிகப் பொருத்தமானது. துணி ஈரத்தை ஏற்றும் விடும், பிளாஸ்டிக் அடைத்து வைக்கும். சுற்றிய கட்டை நிலத்திலிருந்து உயரத்தில், வெளிச் சுவரைத் தொடாத அலுமாரித் தட்டில் வையுங்கள். கறையான் சுவர் வழியாகவே ஏறும். நப்தலின் உருண்டைகளைத் தாளோடு சேர்த்துப் போடுவதைவிட, அலுமாரியை அடிக்கடி திறந்து பார்ப்பதே பூச்சிக்கு எதிரான சிறந்த காவல். இராமபாணப் பூச்சி ஏற்கெனவே புகுந்துவிட்டதாயின், தாள்களைக் காற்று வெளியேற்றிய பொலித்தீன் பைக்குள் நன்றாக மூடி, குளிரூட்டியின் உறைநிலைப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு முழுநாள் பையைத் திறவாமல் விட்டுவிடுங்கள்.

மழையிற் கூரை ஒழுகித் தாள் நனைந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் உலர்த்த வேண்டும். அதற்குமேற் சென்றால் பூஞ்சணம் வந்துவிடும். ஒத்தி எடுக்கவும் தேய்க்கவும் வேண்டாம், வெயிலிலும் போட வேண்டாம். துணியின்மேற் பரப்பி, மின்விசிறியை நேரே காட்டாமல் அறைக்குள் காற்று ஓடும்படி விடுங்கள்.

சைவ வீடுகளில் சரசுவதி பூசைக்கு ஏடுகளையும் புத்தகங்களையும் அடுக்கும் வழக்கம் மாரி மழைக்குச் சற்று முன்னரே வருவதால், ஆண்டுக்கொரு முறை கட்டைப் பிரித்துப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல நாள் இல்லை. சந்தனமும் குங்குமமும் சுற்றிய துணியின்மேல் மட்டும் படட்டும்.

வாசிக்கக் கேளுங்கள்

மேலே சொன்னவற்றையெல்லாம் எழுதியவர் மறைந்த பின்னும் செய்யலாம். இதை மட்டும் அவர் இருக்கும்போதே, அல்லது அவரை அறிந்தவர் ஒருவராவது இருக்கும்போதே செய்ய வேண்டும். எங்கள் அம்மம்மாவின் கொப்பியில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மேலே பிள்ளையார் சுழி. அதன்கீழே மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, மஞ்சள், ஓமம் என ஒன்றன்கீழ் ஒன்றாக, எதிரே இறாத்தலிலும் அவுன்சிலும் அளவுகள். வலது ஓரத்தில் மஞ்சள் படிந்த பெருவிரல் தடம். மிளகுக்கு நேரே எழுதிய அளவை வெட்டி, குறைத்து எழுதி, பக்கத்தில் ‘மூத்தவளுக்கு’ என்று ஒரு சொல் இருக்கிறது. மூத்த மகளின் முதற் பிள்ளைப்பேற்றுக்குச் சரக்கு இடித்தபோது, உறைப்பு அவருக்கு ஒத்துக்கொள்ளாததால் மிளகைக் குறைத்ததைப் பெரியம்மாதான் எங்களுக்குச் சொன்னார். அவர் சொல்லியிராவிட்டால் அந்தச் சொல்லின் பொருள் யாருக்கும் கிடைத்திராது. ஓர் இறாத்தல் ஏறத்தாழ 454 கிராம் என்பதை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒற்றைச் சொல்லுக்கு அப்படியொரு புத்தகம் இல்லை.

ஆகவே மூத்தவரிடம் தாளைக் கொடுத்து, கைப்பேசியின் ஒலிப்பதிவை அவர் அறிய ஓடவிட்டு, உரக்க வாசிக்கக் கேளுங்கள். யார் இந்தச் செல்லத்துரை, எந்த வயல், ஏன் இந்த வரியை வெட்டினீர்கள் என்று இடையிடையே கேளுங்கள். சில கடிதங்களை அவர் வாசிக்க விரும்பமாட்டார். அவற்றை அவர் கையிலேயே விட்டுவிடுவதுதான் முறை. கிடைத்த விளக்கங்களை மூலத்தாளில் எழுதாமல், தனித் துண்டில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள்.

வாசிக்க அவர் இல்லாத நிலையில், எழுத்தின் பழைய வடிவங்களே முதல் தடையாக நிற்கும். தமிழ்நாட்டு அரசு 1978இல் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய எழுத்துகளின் வடிவத்தைச் சீர்திருத்தியது. அதற்குமுன் பள்ளி சென்றவர்களின் கையில், இங்கேயும், துதிக்கைபோல் வளைந்த பழைய வடிவங்களே வரும். திகதிக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்னும் குறிகளை ஒரு துண்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பழைய கணக்குகள் திறந்துகொள்ளும். தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. ‘குரோதி மார்கழி’ என்று மட்டும் இருந்தால் அது 1904ஆகவும் இருக்கலாம், 1964ஆகவும் இருக்கலாம். கடிதத்திலே புயலைப் பற்றிப் பேச்சிருந்தால் 1964 டிசெம்பரில் இந்தக் கரையைத் தாக்கிய புயலாக இருக்கக்கூடும். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்களில் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழை எழுதிய கொப்பிகள் இருக்குமாயின் அவற்றை வலமிருந்து இடமாக வாசிக்கத் தெரிந்த பெரியவரை இப்போதே தேட வேண்டும், ஏனெனில் இளையவர்களுள் அந்த எழுத்தை அறிந்தவர்கள் மிகவும் அரிது.

சாதக ஓலை, வைத்தியம் சொல்லும் வாகட ஏடு போன்றவை வேறு வகை. ஓலையிற் புள்ளியும், எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் பெரும்பாலும் இராது. காய்ந்த ஓலையை நிமிர்த்த முயன்றால் முறிந்துவிடும். அவற்றைப் படம் மட்டும் எடுத்துவிட்டு, எண்ணெய் பூசுதல் முதலிய வேலைகளை அறிந்தவரிடம் விடுங்கள். 2005இல் தொடங்கிய நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் ஆவணங்களைப் படியெடுத்துப் பொதுவில் வைத்து வருகிறது. குடும்பத்தார் இசைந்தால், ஊருக்கும் பயன்படக்கூடிய வாகடங்களையும் கோயிற் கணக்குகளையும் அங்கே சேர்ப்பிப்பதைப் பற்றிப் பேசிப் பார்க்கலாம்.

இனி எழுதுவதற்கும் பகிர்வதற்கும்

மூத்தவர் இன்னும் எழுதக்கூடியவராயின், தடித்த தாளுள்ள ஒரு கொப்பியையும் நீரிற் கரையாத கறுப்பு மைப் பேனையையும் கொடுங்கள். வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னால் பலரும் மலைத்துப் போவார்கள். வயற்காணிகளின் பெயர்கள், சிறுவயதில் மனனம் செய்த தேவாரம், ஒவ்வொரு பேரப்பிள்ளையின் முழுப்பெயர் என்று சிறிதாகக் கேட்டால் கை தானே ஓடும். நடுங்கும் கையால் எழுதியதைத் திருத்தி எழுதித் தரும்படி கேட்காதீர்கள்.

சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவது எப்போதும் பிரதியாகவே இருக்கட்டும். அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலரில் புகைப்படத்தோடு அவருடைய கையெழுத்துப் பக்கம் ஒன்றையும் அச்சிட்டால் ஒரே நாளில் நூறு வீடுகளுக்குப் பிரதி சென்றுவிடும். அச்சகத்துக்குச் ஸ்கான் கோப்பை மட்டும் கொடுங்கள், மூலத்தாளைக் கொடுக்க வேண்டாம். மூலங்களைப் பிள்ளைகளுக்கிடையே பங்கிடுவதாயின் ஒருவருடைய கடிதக் கட்டை உடைக்காமல் முழுதாக ஒருவரிடமே ஒப்படைத்து, எந்தக் கட்டு யாரிடம் இருக்கிறது என்பதைத் திகதியோடு ஒரு பட்டியலாக எழுதி, எல்லாரிடமும் ஒரு பிரதி இருக்கும்படி செய்யுங்கள். வீடு மாறுகிறவர் அந்தப் பட்டியலில் தம் புதிய முகவரியைத் திருத்தி மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும்.